எந்த வண்டிக்கான கணக்கு?

நேயர்களுக்கு வணக்கம். பழைய புல்லட் ஒன்றைப் பிரித்துப் போட்டுவிட்டு, திரும்பப் பூட்டத் தெரியாமல் ஒன்றரை வருஷம் விழித்தவன் நான். இங்கே பேச எனக்கிருக்கும் தகுதி அதுதான்.

வண்டி 1965-ஆம் வருஷத்தது. 350 சிசி என்று சொல்கிறோம். சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 90. கணக்குப் போட்டால் 346 தான் வரும். இந்த இரண்டு எண்களிலும் குழப்பமில்லை. மற்ற எண்கள்தான் ஆளைக் கவிழ்க்கும்.

ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தின் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்தது. 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள், அப்புறம் பாகங்களையே இங்கே செய்தார்கள். ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. இங்கே புல்லட் நிற்கவில்லை. அதனால் கையேடு தேடினால் ஆங்கிலேய வண்டிக்கு ஒன்று, சென்னையின் ஆரம்ப கால வண்டிக்கு ஒன்று, பிற்கால வண்டிக்கு ஒன்று என்று கிடைக்கும். எல்லாவற்றின் அட்டையிலும் புல்லட் என்றுதான் இருக்கும். போதாததற்கு, அறுபது வருஷமாக எத்தனையோ மெக்கானிக்குகள் கைக்குக் கிடைத்ததை மாட்டியிருப்பார்கள். சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டைக் கடைக்காரர் ஒருவர் நான் மாடல் வருஷம் சொல்லத் தொடங்கியதுமே கையமர்த்தினார். "வருஷமெல்லாம் வேண்டாம் சார், பழைய சாமானைக் கொண்டாங்க" என்றார். அன்று கொஞ்சம் கடுப்பாகத்தான் இருந்தது.

ஒரு போல்ட்டின் கதையைச் சொல்கிறேன். அதன் நட்டுக்கு 13 ஸ்பேனர் நுழையவில்லை. 14 போட்டால் வழுக்கி மூலையைத் தின்றது. காரணம், அது பழைய பிரிட்டிஷ் அளவு. அந்த ஸ்பேனர்களில் எழுதியிருப்பது நட்டின் அகலம் இல்லை, போல்ட்டின் விட்டம். இது தெரியாமல் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். போல்ட் 5/16 அங்குலம், அதாவது 7.94 மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டர் போல்ட் போதுமே என்று கடையில் வாங்கி வந்தேன். இரண்டு மூன்று சுற்று சுகமாகப் போயிற்று. அப்புறம் இறுகியது. துருவாக இருக்கும் என்று இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். கிராங்க்கேஸ், அதாவது எஞ்சினின் அடிக்கூடு, அலுமினியம். மரை சுருளாக வெளியே வந்தது.

லேத் பட்டறைக்காரர் ரம்பப் பல் போன்ற மரை கேஜை எடுத்து என் பழைய போல்ட்டின் மேல் வைத்துக் காட்டினார். அங்குலத்துக்கு 22 மரை. நான் வாங்கியதில் இருபதுக்குச் சற்று மேல். இதே 5/16 அங்குலத்தில் சைக்கிள் மரை என்று இன்னொன்றும் உண்டாம், அதில் 26. பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் 22, 26 இரண்டையுமே பார்க்கலாம். துளையைப் பெரிதாக்கி, புஷ் என்ற உலோக வளையத்தை அடித்து, 22 மரை போட்டுக் கொடுத்தார்.

பற்றவைப்பு டைமிங்கில் பட்ட அடி நிஜமான அடி. பொறி விழ வைக்கும் பாயிண்ட் என்ற சின்ன சுவிட்ச் திறக்கும்போது பிஸ்டன் உச்சிக்கு எவ்வளவு கீழே இருக்க வேண்டும் என்பதற்கு இரண்டு புத்தகத்தில் இரண்டு எண் இருந்தது. பெரிய எண்ணை எடுத்துக்கொண்டேன், அது பழைய புத்தகம், நம்பகமாக இருக்கும் என்று. அது மேக்னெட்டோ (பேட்டரி இல்லாமலே பொறிக்கு மின்சாரம் தரும் கருவி) வைத்த வண்டிக்கு, முழு அட்வான்ஸில், அதாவது பொறி மிகவும் முந்தி விழும் நிலையில், அளந்த எண். என் வண்டியில் அட்வான்ஸ் தானாக நகரும். அதற்கு ரிடார்ட் நிலையில், அதாவது பொறி பிந்தி விழும் நிலையில், அளக்க வேண்டும். உதைத்தேன். கிக்கர் திருப்பி உதைத்தது. இரண்டு வாரம் கணுக்கால் வீங்கிக் கிடந்தது.

அதிலிருந்து ஒரு நோட்டு போட்டேன். எண்ணை மட்டும் எழுதுவதில்லை. எஞ்சின் சூடா, குளிரா, பிஸ்டன் எங்கே, எந்த வருஷப் புத்தகம் என்று பக்கத்திலேயே எழுதுவேன்.

கடைசியாக டேப்பெட், அதாவது வால்வைத் திறக்கும் அசைவைக் கடத்தும் பாகம். இடைவெளி எவ்வளவு என்று தேடினால் பூஜ்யம் என்று இருந்தது. அச்சுப்பிழை என்றே நினைத்தேன். எங்கள் பகுதியில் முப்பது வருஷமாகப் புல்லட் பார்க்கும் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். சிலிண்டர் பக்கத்துச் சின்ன மூடியைக் கழற்றினார், ஒரே நட்டுதான். இரண்டு வால்வும் மூடி, பிஸ்டன் உச்சியில் நிற்கும்படி வைத்தார். எஞ்சின் குளிர்ந்திருந்தது. என் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பிடித்து, வால்வைத் திறக்க மேலே தள்ளும் புஷ்ராடு என்ற கம்பியின் மேல் வைத்தார். "சுத்துங்க." சுற்றியது. "மேல கீழ ஆட்டுங்க." ஆடவில்லை. "இதுதான் பூஜ்யம்."

நோட்டில் எழுதிக்கொண்டேன்: குளிர்ந்த எஞ்சின், பிஸ்டன் உச்சியில், இரண்டு வால்வும் மூடி, விரலால் சுற்றணும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அவர் எட்டிப் பார்த்தார். "கையில ஆயில் இருந்தா துடைச்சிட்டுச் சுத்தணும்னு எழுதுங்க தம்பி. விரல் வழுக்கினா, ராடு இறுக்கமா இருக்குன்னு நினைச்சு லூஸ் பண்ணிடுவீங்க."

அதையும் எழுதிக்கொண்டேன். வணக்கம்.