கரும்புக்கு ஒரே ஆலை போதுமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘கரும்பு விவசாயிக்கு நல்லது உறுதியான ஒரே ஆலையா, விரும்பிய இடத்தில் விற்கும் உரிமையா?’ என்பது தலைப்பு. நான் உரிமையின் பக்கம்.

எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். ஆலைதான் கரும்புக்குப் புகுந்த வீடு, கடைசிவரை வைத்துக் காப்பாற்றும் என்றார். சரி ஐயா. ஆனால் 1966-ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, இந்த ஊர்க் கரும்பு இந்த ஆலைக்குத்தான் என்று எல்லை போட வழி வைத்திருக்கிறது. வேறு வரனே பார்க்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டு, மாப்பிள்ளை தங்கமானவர் என்றால் எப்படி?

விலையை மத்திய அரசுதானே நிர்ணயிக்கிறது, ஆலை எங்கே அமுக்குகிறது என்றும் கேட்டார். நல்ல கேள்வி. 2024-25 பருவத்துக்குக் குவிண்டால் 340 ரூபாய் என்று வைத்தார்கள். அது பிழிதிறன், அதாவது கரும்பின் எடையில் சர்க்கரையாகக் கிடைக்கும் பங்கு, 10.25 சதவீதம் இருந்தால்தான். குறையக் குறைய விலை இறங்கும், 9.5-க்குக் கீழே போனால் அந்தப் பருவத்தில் 315 ரூபாய் 10 காசு. அந்தப் பிழிதிறனை அளப்பது யார்? ஆலை. அதுவும் உங்கள் வயல் கரும்பைத் தனியாக அளப்பதில்லை, ஆலையின் மொத்தச் சராசரிதான். பழைய இயந்திரம் சரியாகப் பிழியாமல் சர்க்கரை சக்கையோடும் கழிவுப்பாகோடும் போனாலும் சராசரி இறங்கும். கோளாறு அவர்கள் இயந்திரத்தில், வெட்டு விவசாயியின் விலையில்!

வெட்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. கரும்பு முற்றி நிற்கும், ஆலையிடமிருந்து வெட்டு உத்தரவு வராது. பூவெடுக்கும், தண்டு உள்ளே பஞ்சாகும், எடை குறையும். ஒருவழியாக வெட்டி டிராக்டரில் ஏற்றிப் போனால் ஆலை வாசலில் நீள வரிசை. வெயிலில் லோடு காய்ந்துகொண்டே இருக்கும். எடைமேடையில் என்ன காட்டுகிறதோ அதற்குத்தான் காசு. கோபித்துக்கொண்டு வண்டியைத் திருப்பினால் எங்கே போவது? இரண்டு ஆலைகளுக்கு நடுவே குறைந்தது 15 கிலோமீட்டர் இடைவெளி வேண்டும் என்று அதற்கும் விதி இருக்கிறது.

அப்புறம் பணம். 14 நாளில் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீதம் வட்டி என்கிறது அதே ஆணை. அந்த வட்டியைக் கையில் வாங்கியவர்கள் இங்கே இருந்தால் கை தூக்குங்கள். (அந்த ஐயா தூக்கியது காபிக்கு.)

எல்லையை எடுத்தால் ஆலைகள் மூடிவிடும் என்று பயமுறுத்தினார்கள். மகாராஷ்டிரா பல ஆண்டுகளாக இந்த எல்லை ஒதுக்கீடு இல்லாமலே சர்க்கரை உற்பத்தியில் உத்தரப் பிரதேசத்தோடு மல்லுக்கட்டுகிறது. 2012-இல் சி. ரங்கராஜன் குழுவும் ஒதுக்கீடு, இடைவெளி இரண்டையும் கைவிடச் சொன்னது. அவர் ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்தவர். எங்கள் அணிக்காரர் அல்ல!

ஆலை விதைக்கரணை, அதாவது நடுவதற்கான கரும்புத் துண்டு, தருகிறது, வங்கிக் கடனுக்கு வழி செய்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. அந்தக் கடன் தீரும்வரை அந்த ஆலைக்கே கரும்பு கொடு என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்ளட்டும். கடனே வாங்காத பக்கத்து வயல்காரரையும் ஏன் கட்டிப்போட வேண்டும்?

பிடிக்கவில்லையென்றால் வேறு பயிர் போடலாமே என்று அடுத்து வரும் நண்பர் சொல்லக்கூடும். வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்த மறுதாம்பு வயலில் நிற்கிறதே! அதனால் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: போன வருடப் பணத்தைத் தராத ஆலைக்கு இந்த வருடம் கரும்பு தர மாட்டேன், அடுத்த ஆலைக்குத்தான் அனுப்புவேன் என்று சொல்ல, உங்கள் விவசாயிக்கு எந்த விதியில் இடம் இருக்கிறது? நன்றி.