நாற்காலியும் காசோலையும்

நேயர்களுக்கு வணக்கம்.

அரசமைப்புச் சட்டம் என்றதும் டெல்லியும் உச்ச நீதிமன்றமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். எனக்கு ஊராட்சி மன்ற அலுவலகத்தில் கிடக்கும் நாற்காலி நினைவுக்கு வரும். வக்கீல் தொழிலில் அதைப் பற்றிய வழக்குகள் என்னிடம் அடிக்கடி வந்ததால் இருக்கலாம்.

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தார்: வரும் ஜனவரி 26 முதல் முரண்பாடான ஒரு வாழ்க்கைக்குள் நுழைகிறோம், அரசியலில் சமத்துவம் இருக்கும், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் இருக்காது. அந்த முரண்பாட்டைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் மதுரைப் பக்கம் போனால் போதும்.

அரசமைப்புச் சட்டத்தின் 73-வது திருத்தத்துக்குப் பிறகு ஊராட்சித் தலைவர் பதவிகளிலும் பட்டியல் சாதியினருக்கு இடஒதுக்கீடு வந்தது. 1996-இல் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊர்களும் அப்படி ஒதுக்கப்பட்டன. அவ்வளவுதான், ஆதிக்கச் சாதியினரின் எதிர்ப்பால் தேர்தலே ஒழுங்காக நடக்கவில்லை. வேட்புமனு போட ஆள் வராது. அப்படியே ஒருவர் ஜெயித்தாலும் பதவியேற்ற கையோடு ராஜினாமாக் கடிதம் தயாராக இருக்கும். பத்து ஆண்டுகள் இதே கதைதான். 2006-இல்தான் அங்கே தலைவர்கள் தேர்வாகிப் பதவியில் நிலைத்தார்கள். அதே மதுரை மாவட்டத்தில் மேலவளவுத் தலைவர் முருகேசன் பின்வாங்கவில்லை. 1997 ஜூன் 30 அன்று அவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள்.

சரி, அதெல்லாம் பழைய கதை என்பீர்கள். சுதந்திர தினத்தில் ஊராட்சித் தலைவர் கொடியேற்றச் சாதி தடையாக இருக்கக் கூடாது என்று தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதியது 2022-இல்.

இப்போது தடுப்பது அரிவாள் இல்லை, காசோலை. நம் மாநிலத்தில் ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். ஊழலைத் தடுக்க நல்ல ஏற்பாடுதான். ஆனால், தலைவர் எந்தத் தெரு, துணைத் தலைவர் எந்தத் தெரு என்று சட்டம் கேட்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊராட்சித் தலைவி என்னைப் பார்க்க வந்தார். கையில் துணிக்கடைப் பை. அதற்குள் ரசீதுகள், தீர்மானத்தின் நகல், ஒரு கையெழுத்து மட்டும் விழுந்த காசோலை. குடிநீர் மோட்டார் காயில் எரிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. துணைத் தலைவர் வீட்டுக்குப் போனால் “நாளைக்கு வா” என்ற ஒரே பதில். திட்டவில்லை, மிரட்டவில்லை. தீண்டாமையை எந்த வடிவிலும் கடைப்பிடிக்கக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் பிரிவு 17. “நாளைக்கு வா” என்பதை அதன் கீழ் எப்படிக் கொண்டுவருவது?

பேச்சுவாக்கில் நாற்காலி விஷயமும் வந்தது. இவர் அலுவலகத்துக்குப் போகும் நேரத்தில் அது உள்ளறையில் பூட்டிக் கிடக்குமாம். சாவி யாரிடமும் இருக்காதாம்.

ஆட்சியருக்கு மனு எழுத உட்கார்ந்தேன். முதல் பத்தியிலேயே நாற்காலியை வைத்தேன். அவர் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத் தயங்கினார்.

“நாற்காலியை எடுத்துடுங்க சார். மோட்டாரை மட்டும் எழுதுங்க. தண்ணி முதல்ல வரட்டும்.”

அடித்துவிட்டு எழுதினேன்.