26 வயதாகும் மகளுக்கு இனி காப்பீடு கிடைக்குமா?

அமெரிக்காவில் வசிக்கும் ஒரு தாயார் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய மகளுக்கு 14 வயதில் ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வந்து, கீமோதெரபியும் மார்புப் பகுதியில் கதிர்வீச்சும் கொடுக்கப்பட்டுக் குணமாகியிருக்கிறது. இதுவரை தந்தையின் அலுவலகக் காப்பீட்டில் இருந்துவரும் அந்தப் பெண்ணுக்கு விரைவில் 26 வயது நிறைவடைகிறது; அதோடு அந்தக் காப்பீடு முடிந்துவிடும். பழைய நோயைக் காரணம் காட்டிக் காப்பீட்டை மறுத்துவிடுவார்களோ என்பதுதான் தாயாரின் கவலை.

அம்மா, பொதுவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் எதுவும் அப்படி மறுக்க முடியாது. 2010 மார்ச்சில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டத்தின்படி, முன்பே இருந்த நோயைச் சொல்லிப் பெரியவர்களுக்குக் காப்பீட்டை மறுப்பதும், அதற்காகப் பிரீமியத்தைக் கூட்டுவதும் 2014 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டுள்ளன. வாழ்நாள் முழுமைக்கும் இவ்வளவு தொகைதான் என்ற உச்சவரம்பையும் அதே சட்டம் நீக்கியது. அந்த வரம்பு இருந்த காலத்தில், ஒரு குழந்தையின் புற்றுநோய்ச் சிகிச்சையே அதன் பெரும்பகுதியைத் தின்றுவிடக்கூடும் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த மாற்றத்தின் அருமை புரியும்.

ஆனால் 'குறுகிய காலத் திட்டம்' என்ற பெயரில் மலிவாக விற்கப்படும் காப்பீடுகளுக்கு இந்த விதிகள் பொருந்தாது. அவற்றில் பழைய நோயைக் கேட்பார்கள், மறுக்கவும் செய்வார்கள். பிரீமியம் குறைவு என்பதற்காக உங்கள் மகள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

தந்தையின் காப்பீடு முடிகிற தேதியை அலுவலகத்தில் இப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சில திட்டங்கள் பிறந்தநாளோடு முடியும், சில அந்த மாதக் கடைசி வரை நீடிக்கும். மகளுடைய வேலையிலேயே காப்பீடு இருந்தால் அதில் சேரலாம். இல்லையென்றால், பழைய காப்பீடு முடிவதற்கு முந்தைய 60 நாட்களிலும் பிந்தைய 60 நாட்களிலும் தனிநபர்கள் காப்பீடு வாங்குவதற்கான அரசின் சந்தையான மார்க்கெட்பிளேஸில் சேரச் சிறப்பு வாய்ப்பு உண்டு. அதைத் தவறவிட்டால் பொதுச் சேர்க்கைக் காலம் வரை காத்திருக்க நேரிடலாம். வருமானம் மிகக் குறைவாக இருந்தால் ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்ட் கிடைக்குமா என்பது மாநிலத்தைப் பொறுத்தது. வறுமைக்கோட்டின் 138 சதவீதம் வரை பல மாநிலங்கள் அதை விரிவாக்கிக் கொடுக்கின்றன, டெக்சாஸ், ஃபுளோரிடா போன்றவை அந்த விரிவாக்கத்தை ஏற்கவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் மகளுக்கு உண்மையான சிக்கல் இங்கேதான் வரும். சிறுவயதில் மார்பில் கதிர்வீச்சு பெற்ற பெண்களுக்குப் பின்னாளில் மார்பகப் புற்றுநோய் வரும் ஆபத்து கூடுதலாக இருப்பதால், 25 வயதிலிருந்தோ கதிர்வீச்சு முடிந்த 8 ஆண்டுகளுக்குப் பின்னரோ, இரண்டில் எது பிந்தியதோ அப்போது முதல், ஆண்டுதோறும் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயும் எம்ஆர்ஐ ஸ்கேனும் எடுக்கும்படி குழந்தைப் புற்றுநோய் மருத்துவர்களின் வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. கொடுக்கப்பட்ட மருந்துகளைப் பொறுத்து இதயத்துக்கு எக்கோ பரிசோதனையும் தேவைப்படும். சீர்திருத்தச் சட்டம் இலவசமாக்கிய தடுப்புப் பரிசோதனைகளோ சராசரி ஆபத்துள்ளவர்களை மனதில் வைத்து வகுக்கப்பட்டவை. அவற்றுக்கான பரிந்துரையில் மேமோகிராம் 40 வயதில்தான் தொடங்குகிறது. ஆகவே உங்கள் மகளின் எம்ஆர்ஐக்குக் காப்பீட்டு நிறுவனம் முன் அனுமதி கேட்கலாம், டிடக்டிபிள் எனப்படும், காப்பீடு பணம் தரத் தொடங்குமுன் நாமே கட்ட வேண்டிய தொகையைக் கையிலிருந்து கட்டச் சொல்லலாம், அல்லது 'இந்த வயதில் இது தேவையில்லை' என்றே மறுக்கலாம். காப்பீடு கிடைப்பதும் கண்காணிப்புக்கான செலவை அது ஏற்பதும் வேறு வேறு விஷயங்கள். குழந்தையாக இருந்தபோது உயிரைக் காத்த சிகிச்சைக்கே இன்று ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கும்போது, அதைக் கண்காணிக்கும் பொறுப்பைக் காப்பீட்டு முறை முழுமையாக ஏற்காதது நியாயமல்ல என்றே நான் நினைக்கிறேன்.

அதனால், சிகிச்சை அளித்த மருத்துவமனையிலிருந்து எந்த மருந்து, மொத்தம் எவ்வளவு, எந்த இடத்தில் எத்தனை கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு என்ற விவரங்கள் அடங்கிய சிகிச்சைச் சுருக்கத்தை மகளின் பெயரில் வாங்கி வையுங்கள். திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பிரீமியத்தை மட்டும் பார்க்காமல், அவர் போகும் மருத்துவமனை அந்தத் திட்டத்தோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவமனைகளின் பட்டியலான நெட்வொர்க்கில் இருக்கிறதா என்று பாருங்கள். எம்ஆர்ஐ மறுக்கப்பட்டால், அந்தச் சுருக்கத்தோடு மருத்துவரின் கடிதத்தையும் இணைத்து 180 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அங்கும் மறுத்தால், நிறுவனத்தைச் சாராத வெளி மதிப்பாய்வாளரிடம் கொண்டுபோகும் உரிமை இருக்கிறது. அவர் தரும் தீர்ப்புக்கு நிறுவனம் கட்டுப்பட்டே ஆக வேண்டும்.