நம் ஊர் இறால் கப்பல் ஏறுகிறது, வியட்நாம் மீன் நம் தட்டுக்கு வருகிறது

வணக்கம் அண்ணாச்சிமாரே, அக்காமாரே, தம்பி தங்கைகளே! காற்று பலமாக வீசுகிறது, இரைச்சலைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடி மாவட்டத்தில், ஆத்தூர் தாண்டி புன்னைக்காயலுக்குப் போகிற வழியில், ஓர் இறால் பண்ணையின் கரைமேல் நிற்கிறேன். நம் பக்கத்துச் சின்ன இறால் பண்ணைகளின் வீழ்ச்சியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். ஏரல், முக்காணி, ஆத்தூர் வரைக்கும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலுமாகப் பச்சை கண்ணை நிறைக்கும். அதற்கு அப்புறம் மண் வெளுக்கத் தொடங்கிவிடும். தாமிரபரணி கடலோடு சேர்கிற இடம் இது. ஆற்றுநீரும் கடல்நீரும் கலந்த உவர்நீர் கிடைக்கும் என்பதால்தான் இங்கே இறால் வளர்க்க வந்தார்கள்.

கேமராவைத் திருப்புகிறேன், குளத்தைப் பாருங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அடியில் கறுப்புச் சேறு காய்ந்து ஓடு ஓடாகப் பெயர்ந்து நிற்கிறது. அதன்மேல் வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பு. அந்த மூலையில் கிடப்பவை ஏரேட்டர்கள். தண்ணீரை அடித்து அடித்துக் காற்றைக் கலக்கிவிடும் சக்கரங்கள். நாலில் மூன்றுக்கு மோட்டாரையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கரையைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு நீலத்துணி கட்டியிருக்கிறது பாருங்கள், அது நண்டு வேலி. வெண்புள்ளி நோயை நண்டு சுமந்துகொண்டு உள்ளே வந்துவிடும் என்பதற்காகக் கட்டுவது. மேலே குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிற நூல், காக்காயும் நாரையும் இறங்காமல் இருக்க. நண்டுக்கு வேலி, பறவைக்கு நூல், இவ்வளவு காவல் போட்டும் குளம் காலியாகிவிட்டது.

பண்ணைக்கார அண்ணாச்சி தன் பெயரும் முகமும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதை நான் சொல்கிறேன்.

குளத்தைக் கெடுத்தது இ.எச்.பி. என்கிற நுண்பூஞ்சை வகை நோய். வெண்புள்ளி வந்தால் சில நாட்களில் குளம் முழுக்கச் செத்து மிதக்கும், நட்டம் என்று அன்றைக்கே தெரிந்துவிடும். இது அப்படிக் கொல்லாது. இறாலின் ஈரலும் கணையமும் சேர்ந்த உறுப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இறால் தின்னும், ஆனால் தின்றது உடம்பில் ஒட்டாது. காலையில் கரையைச் சுற்றி வரும்போது காற்றடிக்கிற பக்கத்து மூலையில் வெள்ளை வெள்ளையாக நூல் மிதந்தால் அண்ணாச்சிக்கு வயிற்றைக் கலக்கிவிடுமாம். அது இறாலின் கழிவு. வெள்ளைக் கழிச்சல் என்பார்கள். இந்தப் பூஞ்சை இருக்கிற குளங்களில்தான் அதை அதிகமாகப் பார்க்கிறார்கள்.

இதில் பணம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். இறாலுக்கு விலை கவுண்ட் கணக்கில்தான். ஒரு கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கிறது என்பதுதான் கவுண்ட். 30 கவுண்ட் என்றால் ஒவ்வொன்றும் 33 கிராம், நல்ல விலை. 100 கவுண்ட் என்றால் ஒவ்வொன்றும் வெறும் 10 கிராம், விலை சரிந்துவிடும். நோய் பிடித்த குளத்தில் ஒரே நாளில் விட்ட குஞ்சுகளில் ஒன்று விரல் நீளம் இருக்கும், பக்கத்திலேயே இன்னொன்று பாதிகூட வளர்ந்திருக்காது. தீவனம் போட்டாகிவிட்டது, மின்கட்டணம் கட்டியாகிவிட்டது, மூன்று நான்கு மாதம் இரவெல்லாம் கண் விழித்தாகிவிட்டது. பிடித்து எடை போடும்போது தீவனக் கடனுக்கே காணாது. செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகிற தொழில் இது. தீவனமோ பெரும்பாலும் கடனுக்குத்தான் வாங்குவது.

அதோடு 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டு இந்தப் பக்கமெல்லாம் கடலாகிப் போனதை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். இந்தப் பண்ணையில் கிழக்குக் கரை உடைந்தது. மறுபடி மண் அடித்தார், மறுபடி குஞ்சு விட்டார், மறுபடி வெள்ளைக் கழிச்சல். அதோடு விட்டுவிட்டார்.

"ஏற்றுமதி கூடிக்கொண்டேதானே போகிறது, நீங்கள் ஏன் வீழ்ச்சி என்கிறீர்கள்" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2024-25இல் இந்தியா 16.98 லட்சம் டன் கடல் உணவை 62,408 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்திருக்கிறது. அந்தப் பணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உறைந்த இறாலால் வந்ததுதான். ஆனால் அந்த இறாலில் பெரும்பகுதி ஆந்திராவில் விளைவது. நாட்டுக் கணக்கு ஏறுகிறபோதே இரண்டு மூன்று குளம் வைத்திருக்கிற சின்னப் பண்ணைக்காரர் இறங்கிப்போக முடியும். இந்தக் குளத்தின் கதை அதுதான்.

இது முதல் வீழ்ச்சியும் அல்ல. தொண்ணூறுகளில் எல்லோரும் டைகர் இறால் வளர்த்தார்கள். 1994-95இல் வெண்புள்ளி வந்து அழித்தது. அதே காலத்தில் நாகப்பட்டினம் பக்கம் நெல் வயல்கள் இறால் குளங்களாகி, குடிநீர் உப்பாகிப்போனது. சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996 டிசம்பர் 11 அன்று, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் பண்ணைகளை இடித்து அகற்றச் சொல்லித் தீர்ப்பு வந்தது. ஜெகந்நாதன் ஐயா எழுப்பிய கேள்வி சரியான கேள்வி என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன். நெல் விளைகிற மண்ணில் உப்புத் தண்ணீரைத் தேக்கக் கூடாது. எங்கே பார்த்தாலும் இறால் குளம் வெட்டுங்கள் என்று நான் இங்கே பேச வரவில்லை. வேறு எதுவும் விளையாத உவர் மண்ணில், ஊர்க் குடிநீருக்குக் கேடு இல்லாத இடத்தில் இருக்கிற பண்ணைகளைப் பற்றித்தான் பேசுகிறேன். 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. 2009இல் வனாமி என்கிற வெளிநாட்டு இறால் வந்தது. தொழில் மறுபடி எழுந்து நின்றது.

வனாமி நம் கடல் இறால் அல்ல. மெக்சிகோவிலிருந்து பெரு வரைக்கும் உள்ள பசிபிக் கரைதான் அதற்குத் தாய்வீடு. தாய் இறால் அமெரிக்காவின் ஹவாய், புளோரிடா போன்ற இடங்களிலிருந்து விமானத்தில் சென்னைக்கு வந்து, நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதித்த பிறகுதான் குஞ்சு பொரிப்பகத்துக்குப் போகும். தாய் இறாலுக்குப் போடும் கடற்புழு பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. பொரித்த குஞ்சுக்குப் போடும் ஆர்ட்டீமியா முட்டை பெரும்பாலும் அமெரிக்காவின் பெரிய உப்பு ஏரியிலிருந்து டப்பாவில் வருகிறது. 2024 ஜூலை பட்ஜெட்டில் தாய் இறாலுக்கும் கடற்புழுவுக்கும் சுங்க வரியை 5 சதவீதமாகக் குறைத்தார்கள். நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் தொழிலின் வேர் எங்கே இருக்கிறது என்பதை அந்த அறிவிப்பே சொல்லிவிடுகிறது.

வாங்குகிறவரும் வெளிநாட்டுக்காரர்தான். அமெரிக்கா தான் தின்னும் இறாலில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிறது, 2024இல் அதிகம் விற்றது இந்தியா. மலிவான இறக்குமதி இறாலால் லூசியானா, டெக்சாஸ் மீனவர்களின் படகுகள் கரையில் நின்றுபோய், அவர்கள் வழக்குப் போட்டு, 2005 முதல் நம் இறாலுக்கு அங்கே பொருள் குவிப்புத் தடுப்பு வரி இருக்கிறது. அவர்களும் கடலை நம்பிப் பிழைப்பவர்கள், அவர்கள் வயிற்றெரிச்சலும் நியாயமானதே. அப்புறம் 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. பழைய வரிகளும் அதன்மேல் சேர்ந்தன. ஒரு வெளிநாட்டு அரசு போட்ட கையெழுத்து, ஆத்தூருக்குக் கிழக்கே ஒரு பண்ணைக்காரர் அடுத்த தடவை குஞ்சு விடலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்கிறது. எனக்குத் தூக்கம் கெடுவது இதை நினைத்துத்தான்.

இப்போது இன்னொரு காட்சியைக் காட்டுகிறேன். இது பாளையங்கோட்டையில் ஒரு கடையின் உறைபெட்டியில் நான் எடுத்த படம். "பாசா" மீன் துண்டுகள். வெள்ளைவெளேரென்று, முள் இல்லை, தோல் இல்லை, வாசமும் இல்லை. பொட்டலத்தின் பின்பக்கத்தை நன்றாகப் பெரிதாக்கிக் காட்டுகிறேன், படியுங்கள். பிறப்பிடம் வியட்நாம். மேகாங் ஆற்றுப் படுகைக் குளங்களில் வளர்த்த கெளுத்தி இனம். அதன் கீழே பொடி எழுத்தில், பனிப்பூச்சு நீங்கலான எடை. கெட்டுப்போகாமல் இருக்க மீனைச் சுற்றிப் பனிக்கட்டியால் ஒரு பூச்சு கொடுப்பார்கள். அது உருகினால் எடை குறையும். மேலே பெரிதாகப் போட்டிருக்கிற எடையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

ஓட்டலில் நீங்கள் விரும்பிக் கேட்கிற முள்ளில்லாத மீன் பல இடங்களில் இதுதான். கெட்ட மீன் என்று நான் சொல்லவில்லை. மலிவு, எப்போதும் கிடைக்கும், துண்டு ஒரே அளவில் இருக்கும். சமையல்காரருக்கு அது பெரிய வசதி. கேரளத்தையும் பாருங்கள். 2012இல் அங்கே ஏறக்குறைய நாலு லட்சம் டன் மத்தி கிடைத்தது. நாம் சாளை என்போமே, அதே மீன்தான். 2021இல் அது 3,297 டன்னாகச் சுருங்கியது. ஓமன் நாட்டு மத்தி அந்த இடத்துக்கு வந்தது. உள்ளூரில் ஓர் இடம் காலியானால் வெளியூர்ச் சரக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும், பிறகு அதை எழுப்புவது லேசில்லை.

புன்னைக்காயலுக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே எவ்வளவு தூரம்? பஸ் ஏறினால் இரண்டு மணி நேரப் பயணம். இங்கே விளைகிற வனாமி அந்தத் தூரத்தைக் கடந்து நம் அடுப்படிக்கு வருவதில்லை. ஏற்றுமதிக் கம்பெனியின் பனிப்பெட்டி வண்டி கரைக்கே வந்து அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. நாம் கூனிப்பொடியும், மார்க்கெட்டில் எப்போதாவது வரும் கடல் இறாலும் வாங்கிச் சாப்பிடுகிறோம், மற்ற நாளில் வியட்நாம் மீன். வளர்க்கிறவருக்கு உள்ளூரில் வாங்க ஆள் இல்லை, சாப்பிடுகிறவருக்கு உள்ளூரில் இறால் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துவைக்க நடுவே யாருமே இல்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

இதே அடியை வாங்கி எழுந்தவர்களும் இருக்கிறார்கள், எழ முடியாமல் திணறுகிறவர்களும் இருக்கிறார்கள். தாய்லாந்து ஒரு காலத்தில் உலகத்துக்கே இறால் விற்ற நாடு. 2012 வாக்கில் குஞ்சுப் பருவத்திலேயே கொல்லும் நோய் பரவியது. ஓரிரு ஆண்டுகளில் உற்பத்தி பாதிக்கும் கீழே விழுந்தது. பழைய உயரத்தை அது இன்னும் எட்டவில்லை. தன் ஆலைகளுக்கு வெளிநாட்டு இறாலையும் வாங்கிப் பதப்படுத்துகிறது. ஈக்குவடாரிலும் 1999இல் வெண்புள்ளி புகுந்து தொழிலையே சாய்த்தது. அவர்கள் என்ன செய்தார்கள்? நோய் வந்த குளங்களில் சாகாமல் தப்பிய இறால்களையே தாயாக வைத்துத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். குளத்தில் நெருக்கிப் போடாமல் குறைவாகக் குஞ்சு விட்டார்கள். 2023இல் 12 லட்சம் டன்னுக்கு மேல் ஏற்றுமதி செய்து உலகில் முதலிடத்தில் நிற்கிறார்கள். அவர்களுக்கு நிலம் அதிகம், வனாமி அவர்கள் கடலிலேயே பிறந்த இறால். அப்படியே நாம் நகல் எடுக்க முடியாது. ஆனால் தாய் இறாலை விமானத்தில் எதிர்பார்த்து நிற்காமல் தங்கள் நாட்டு இறாலிலிருந்தே எடுத்தார்கள் பாருங்கள், அதை நாமும் செய்யலாம்.

அந்த வேலை தொடங்கியும் இருக்கிறது. நம் கடலின் வெள்ளை இறாலைத் தேர்ந்தெடுத்து வளர்க்கும் திட்டத்தைச் சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2022இல் தொடங்கியது. இந்தக் கழிமுகத்தில் வலை வீசுகிறவர்கள் பிடிக்கிற அதே வெள்ளை இறால். கத்தரிக்காயோ முருங்கைக்காயோ போட்டுக் குழம்பு வைத்தால் அடுத்த தெருவுக்கு மணக்கும். இப்படித் தலைமுறை பார்த்துத் தேர்ந்தெடுப்பது ஓரிரு வருடத்தில் முடிகிற வேலை அல்ல. நடுவில் பணத்தை நிறுத்திவிடாமல் அரசு தொடர்ந்து நடத்த வேண்டும், தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி போன்ற நம் பக்கத்து நிறுவனங்களையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதை நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

பண்ணைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். விலை குறைவு என்று சோதிக்காத குஞ்சை வாங்காதீர்கள். பி.சி.ஆர். சோதனையில் இ.எச்.பி.யும் வெண்புள்ளியும் இல்லை என்ற அறிக்கையைக் கையில் வாங்கிய பிறகு பணம் கொடுங்கள். இ.எச்.பி. வந்த குளத்தை நன்றாகக் காயவைத்து, சேற்றை அள்ளி, சுண்ணாம்பு போடாமல் அடுத்த குஞ்சை விடாதீர்கள். அந்தப் பூஞ்சையின் வித்து மண்ணிலேயே கிடக்கும். தடைசெய்த மருந்துகளின் பக்கமே போகாதீர்கள். அப்படி மாட்டிய சரக்குகளால்தான் ஐரோப்பாவில் 2016இல் நம் பண்ணை இறால் லோடுகளில் பாதியைப் பிடித்துச் சோதிக்கத் தொடங்கினார்கள்.

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, தென்காசிப் பக்கம் இருக்கிற அக்காமார் அண்ணாச்சிமார்களுக்கு ஒன்று கேட்கிறேன். பத்துப் பதினைந்து குடும்பம் சேர்ந்து சொன்னால், அறுவடை அன்று கரையிலேயே பனிக்கட்டி போட்டு ஊருக்கு அனுப்ப ஆயத்தமாக இருக்கும் பண்ணைக்காரர் இந்தப் பக்கம் சிலர் இருக்கிறார்கள். நான் பேசிவிட்டேன். எந்தத் தெரு, எத்தனை கிலோ என்று எனக்கு எழுதுங்கள். குளம் வைத்திருப்பவர்கள் பிடிக்கிற நாளையும் கவுண்டையும் ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள். ஓடு உரித்ததா, உரிக்காததா என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள், கரையில் ஆள் வைக்க வேண்டியிருக்கும்.