கம்பம் ஊன்றிய மண்

வணக்கம் நேயர்களே. ஊர் மாறி வந்தவர்களை நினைத்துக்கொண்டு இன்று பேச வந்திருக்கிறேன். திருப்பூரில் புதிதாக அறை எடுத்திருக்கும் பிள்ளை, மகன் வீட்டோடு குடிவந்துவிட்ட தாய், எல்லோரும் இதில் சேர்த்தி. எனக்குத் தெரிந்தது எங்கள் அம்மாயியின், அம்மாவைப் பெற்றவரின், கதை.

1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இலங்கை மலையகத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். அந்த மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மலையகத்திலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர். ஏறியவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படி அழுதார்களாம்.

பிறகு கப்பல், ராமேசுவரம், மண்டபம் முகாம். தாயகம் திரும்பியோருக்கு வேலை தரவென்று 1968-இல் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம் போட்டது. இன்று டான்டீ என்கிறோமே, அதுதான். அம்மாயி வந்து சேர்ந்த இடம் சேரம்பாடி. ஓயாத மழை, காலெல்லாம் அட்டை, ராத்திரியில் யானை.

ஒரு றங்குப் பெட்டியோடு, அதாவது தகரப் பெட்டியோடு, வந்தவர், அதைப் பிரிக்கவே இல்லை. கேட்டால், "எங்கயாச்சும் நெலச்சாத்தானடி பிரிக்கணும்" என்பார். அங்கே இருந்தவரை இந்தியாக்காரி, இங்கே வந்ததும் சிலோன்காரி. அவருக்கு நிலைப்பு எங்கிருந்து வரும்?

அந்த நாட்களில் அவரைப் பிடித்து நிறுத்தியது வேலைதான் என்று நினைக்கிறேன். தேயிலை நாற்றை நட்டால் கொழுந்து எடுக்க மூன்று வருஷமாவது ஆகும். அதுவரை களை பறித்து, நிழல் பார்த்து, பிள்ளை மாதிரி காக்க வேண்டும். கொழுந்து கிள்ளுவதைப் பற்றி அம்மாயி சொன்னது எனக்கு இன்றும் உதவுகிறது. "ரெண்டு எல, ஒரு மொட்டு. கண்ணு அதுலயே இருக்கணும். மனசு அக்கரைக்குப் போச்சுன்னா கை முத்தல் எலயப் புடிச்சிரும்." மனசு ஒரு நாளைக்கு நூறு தடவை போகத்தான் செய்யும், போனதைக் கைதான் காட்டிக்கொடுக்கும் என்பார். அழுகை வந்தால் அழுதுகொண்டே அடுத்த செடிக்குப் போவாராம். ஊரை மறந்துவிடு என்று அவர் யாருக்கும் சொன்னதில்லை. அது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

சில வருஷம் கழித்து ஒரு மாசி மாதம், லயத்துக்காரர்கள், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள், காமன் கூத்து போடத் தீர்மானித்தார்கள். மலையகத்தில் ஒவ்வொரு தோட்டத்திலும் காமன் பொட்டல் இருக்கும். இங்கே பொட்டல் ஏது? புதரை வெட்டி ஒரு மேட்டைச் சமன் செய்தார்கள். கம்பம் ஊன்றினார்கள். ஊன்றிவிட்டால் கூத்து முடியும்வரை விரதம். மனசு வேறெங்கே போனாலும் உடம்பு அந்த மண்ணைச் சுற்றித்தான் கிடந்தாக வேண்டும். சிவன் எரித்த மன்மதன் திரும்ப எழும் கதை அது. எரிந்ததும் ரதி அழுவாள், கூட்டமே சேர்ந்து அழும். ஒப்பாரிக் கோச்சியில் அழுது தீராததை அந்த மேட்டில் அழுது தீர்த்தார்கள் என்று அம்மா சொல்வார். தப்பு மேளச் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்து மலையாளக் குடும்பங்களும் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

ரதி வேஷம் கட்டிய பையனுக்கு அன்றைக்கு நல்ல சேலை கிடைக்கவில்லை. அம்மாயி எழுந்து வீட்டுக்குப் போனார். றங்குப் பெட்டியைத் திறந்து, தன் கல்யாணக் கூறைச் சேலையை எடுத்துவந்து அவன் தோளில் போட்டார்.

மறுநாள் மிச்சத்தையும் எடுத்துக் கொடியில் காயப்போட்டார். காலியான பெட்டியில் அரிசி கொட்டி வைத்தார்.