காவலா, வேவா?

கடலூர் மஞ்சக்குப்பம் பட்டிமன்றம். தலைப்பு: 'மக்கள் இணையத்தில் தேடுவதை அரசு கேட்டு வாங்குவது காவலா, வேவா?' 'வேவே' அணியின் உரை.

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பனியில் உட்கார்ந்திருக்கும் என் ஊர்க்காரர்களே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய அக்கா ஒரு பழமொழி சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டுப் போனார். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லையாம். தப்பு செய்யாதவன் எதற்கு மறைக்க வேண்டுமாம். அக்கா, அந்தப் பழமொழியில் மடியில் கனத்தோடு நடப்பவன் திருடன் இல்லை, பணத்துக்குச் சொந்தக்காரன். அவன் பயப்படுவது வழிப்பறிக்கு. நீங்கள் பழமொழியையே கட்சி மாற்றிவிட்டீர்கள்!

மடியில் என்ன கனம் இருக்கும் என்று கண்ணால் பார்த்தவன் நான். 2006-இல் திருப்பாதிரிப்புலியூரில் பிரௌசிங் சென்டர் வைத்திருந்தேன். ஆறு கேபின். ராத்திரி கடையைச் சாத்தும் முன் தேடும் கட்டத்தில் ஓர் எழுத்தைத் தட்டினால், அன்றைக்கு அங்கே உட்கார்ந்தவர்கள் அடித்ததெல்லாம் வரிசையாகக் கீழே விழும். அதை அழித்துவிட்டு வீட்டுக்குப் போவேன். ஒரு நாள் நாலாம் கேபினில் 'எஸ்' தட்டினேன். 'சுகர் 300 டேஞ்சரா.' 'சிங்கப்பூர் வெல்டர் வேலை.' 'ஸ்கின் அலர்ஜி கெமிக்கல் கம்பெனி.' அதற்கும் கீழே, 'செகண்ட் மேரேஜ் செல்லுமா.'

சும்மா இருந்திருக்கலாம். வந்தவர்கள் பேர் எழுதும் நோட்டைப் புரட்டினேன். அன்று அந்தக் கேபினில் மூன்றே பேர். இரண்டு பேர் பிளஸ் டூ பையன்கள். அப்புறம் என்ன, மூன்றாவது ஆள் யாரென்று தெரிந்துபோனது. அவர் வீட்டம்மா எங்கள் தெருவில்தான் பால் வாங்குவார். (பேரைச் சொல்ல மாட்டேன், கழுத்தை நீட்டாதீர்கள்.) மூன்று வருஷம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. அவர் தேடியது தன் தங்கைக்காக. தங்கை புருஷன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றிருக்கிறான். மூன்று வருஷம் ஒரு நல்ல மனிதரை நான் ஒரு மாதிரியாகப் பார்த்திருக்கிறேன், நடுவர் அவர்களே. இரண்டு ரூபாய் நோட்டுப் புத்தகம் வைத்திருந்த எனக்கே இந்தப் புத்தி என்றால், தேசம் முழுக்கத் தேடியதைக் கையில் வைத்திருப்பவருக்கு?

அதே 2006-இல் அமெரிக்காவில் ஒரு பஞ்சாயத்து. பிள்ளைகளை இணைய ஆபாசத்திலிருந்து காக்க 1998-இல் போட்ட சட்டம் கோர்ட்டில் மாட்டிக்கொண்டிருந்தது. அதைக் காப்பாற்ற ஓர் ஆய்வு வேண்டும் என்று நான்கு தேடுபொறிக் கம்பெனிகளிடம் அரசு விவரம் கேட்டது. யார் மேலும் சந்தேகம் இல்லை, ஆய்வுக்கு மட்டும். கூகுளிடம் முதலில் கேட்டது இரண்டு மாதத்தில் ஜனங்கள் தேடிய அத்தனையும். அப்புறம் ஒரு வாரத்துடையது. பேரம் இறங்கி இறங்கி, கடைசியில் 5,000 தேடலாவது கொடு என்று நின்றது. யாஹூ, மைக்ரோசாஃப்ட், ஏஓஎல் மூன்றும் ஓரளவு கொடுத்துவிட்டன. கூகுள் மறுத்தது. கூகுளைத் தோளில் தூக்க நான் வரவில்லை, தொழில் ரகசியம் போய்விடும் என்பதும் அவர்கள் கவலை. மார்ச் மாதம் நீதிபதி ஜேம்ஸ் வேர் தீர்ப்புச் சொன்னார்: 50,000 இணையப் பக்கங்களின் முகவரிகளைக் கொடு, ஜனங்கள் தேடியதில் ஒன்றைக்கூடக் கொடுக்க வேண்டாம்.

'பேர் இல்லாமல்தானே கேட்டார்கள்' என்று எதிரணியில் அண்ணன் முணுமுணுக்கிறார். சரி அண்ணே, ஆகஸ்டுக்கு வாருங்கள். ஏஓஎல் சுமார் 6,50,000 பேருடைய 2 கோடித் தேடல்களை ஆய்வாளர்களுக்கு என்று தானாகவே வெளியிட்டது. பேருக்குப் பதில் நம்பர். சில நாளிலேயே நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் 4417749 என்ற நம்பரைப் பிடித்துக்கொண்டு போய், ஜார்ஜியா மாநிலத்தில் 62 வயது அம்மா ஒருவர் வீட்டு வாசலில் நின்றார்கள். விரல் மரத்துப்போவதையும் நாய் வீடெல்லாம் அசிங்கம் செய்வதையும் தேடியவர் அவர். என் நாலாம் கேபின் கதைதான், நோட்டு மட்டும் பெரிசு.

காணாமல் போன குழந்தையைத் தேட வேண்டாமா என்று அக்கா கேட்டார். தேடுங்கள். யாருடைய போன், எந்த நாள், எதற்கு என்று எழுதி நீதிபதி முன்னால் வையுங்கள். அவர் சொன்னால் கொடுக்கட்டும். ஆனால் இங்கே நடைமுறை என்ன? 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். மறு வருஷம் டிசம்பரில் பத்து மத்திய அமைப்புகளுக்கு எந்தக் கணினியையும் கண்காணிக்க அதிகாரம் தந்து உள்துறை ஆணை வந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69-ஆம் பிரிவில் உத்தரவு போடுபவர் உள்துறைச் செயலாளர். சரிபார்க்கும் குழுவில் இருப்பவர்களும் செயலாளர்கள். மாமனார் எழுதிய கணக்கை மாமியார் தணிக்கை செய்கிற கதை. நீதிபதி கையெழுத்துக்கு அதில் இடமே இல்லை.

எல்லை போடாமல் கேட்டால் என்ன ஆகும் என்று கடலூர்க்காரனுக்கு வேறு ஊர்க்காரன் சொல்லித்தர வேண்டியதில்லை. 1690-இல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் வாங்கினான். கோட்டையோடு எவ்வளவு நிலம்? பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை! சுட்டான். குண்டு விழுந்த இடம் வரை அவனுடையது. அந்தக் கிராமங்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பேர் வந்தது. குண்டு சாலை இன்னும் இருக்கிறது. உள்ளே மாட்டியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?

மணி அடித்துவிட்டார்கள். 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அரசுக்கு வைத்திருக்கும் விலக்கு பற்றி எங்கள் அணித் தங்கை வந்து பிய்த்து எடுப்பாள், நான் உட்காருகிறேன். நன்றி, வணக்கம்.