பூட்டிய பூங்காவின் வெளியே

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கிழக்கு இலண்டனில் விக்டோரியா பூங்கா இருக்கிறது. 2020 மார்ச் 23 அன்று கொரோனாப் பெருந்தொற்றால் பிரிட்டனில் பொதுமுடக்கம் அறிவிக்கப்பட்டது. இரண்டே நாளில், மக்கள் போதிய இடைவெளியின்றிக் கூடுகிறார்கள் என்று அந்தப் பூங்காவின் வாயில்களைப் பூட்டிவிட்டார்கள். ஏப்ரல் 11இல்தான், அதுவும் குறைந்த நேரத்துக்கு, மீண்டும் திறந்தார்கள். நோயைப் பற்றி அதிகம் தெரியாத அந்நாட்களில் அஞ்சியதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனாலும் அந்தப் பூங்கா எதற்காகப் பிறந்தது என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

இறப்புப் பதிவுகளை ஆராய்ந்துவந்த வில்லியம் ஃபார் என்னும் புள்ளியியலாளர், கிழக்கு இலண்டனில் ஒரு பூங்கா அமைந்தால் ஆண்டுதோறும் பல ஆயிரம் சாவுகள் குறையக்கூடும் என்று 1839இல் எழுதினார். அடுத்த ஆண்டு 30,000 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பம் விக்டோரியா அரசியிடம் சென்றது. 1845இல் பூங்கா மக்களுக்குத் திறக்கப்பட்டது. கெட்ட காற்றே நோய்களைப் பரப்புகிறது என்ற அக்காலக் கருத்து பின்னர் பிழையென்று தெரிந்தது. நெருக்கி வாழும் மக்களுக்குத் திறந்தவெளி வேண்டும் என்ற முடிவோ பிழையாகவில்லை. பூங்காவை ஊருக்கு அழகு என்று மட்டும் எண்ணுவதால்தான் இடர் வந்ததும் அதைப் பூட்டத் தோன்றுகிறது. மருந்தகத்தைப் பூட்ட யாருக்கும் தோன்றுவதில்லை.

பூட்டு எல்லோருக்கும் ஒரேபோல் வலிக்கவில்லை. பிரிட்டனில் எட்டில் ஒரு வீட்டுக்குத் தோட்டமில்லை. இலண்டனிலோ ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு இல்லை. இங்கிலாந்தில் வெள்ளையரைவிடக் கறுப்பின மக்கள் வீட்டில் திறந்தவெளியின்றி வாழும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு என்று அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் 2020 மே மாதத்தில் சொன்னது. கொல்லையில் மரம் வைத்திருப்பவருக்குப் பூங்கா மூடியது ஒரு செய்தி. குழந்தைகளோடு ஓர் அறையில் அடைபட்ட தாய்க்கு அது சுவர்.

மரத்தடியில் மனம் ஏன் இளகுகிறது? ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் என்னும் உளவியலாளர் இணையர் தந்த விளக்கம் எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது. ஒன்றன்மேல் வலிந்து செலுத்தும் கவனம் களைத்துப்போகும். இலை அசைவதையும் நீர் நெளிவதையும் பார்க்க வலிந்த கவனம் வேண்டாம், ஆகவே களைத்த மனம் அங்கே தானாக இளைப்பாறுகிறது. நாள் முழுதும் தொற்று எண்ணிக்கையையும் சாவு எண்ணிக்கையையும் பார்த்திருந்த கண்களுக்கு இதைவிட எது தேவைப்பட்டிருக்கும்? பெருந்தொற்றின் முதல் ஆண்டில் பதற்றமும் மனச்சோர்வும் உலகெங்கும் 25 விழுக்காடு கூடின என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

2020இல் தோக்கியோவில் 3,000 பேரிடம் நடந்த ஆய்வில், பசுமைவெளிக்கு அடிக்கடி சென்றவர்களிடமும், சன்னல் வழியே பசுமையைக் கண்டவர்களிடமும் மனச்சோர்வும் தனிமையுணர்வும் குறைந்திருந்தன. மனநலம் உள்ளவர்களே பூங்காவுக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, ஒரே முறை எடுத்த கணக்கெடுப்பு அதைத் தீர்த்துவைக்காது. ஆனால் சன்னலுக்கு வெளியே மரம் நிற்பது வீட்டுக்காரரின் மனநிலையைப் பொறுத்ததன்று என்பதையும் எண்ணிப்பாருங்கள்.

ஏப்ரல் 18இல் பூங்காக்கள் திறந்திருக்க வேண்டும் என்று பிரிட்டன் அமைச்சர் அறிவித்தார். மே 13 முதல், வேறொரு வீட்டைச் சேர்ந்த ஒருவரை வெளியிடத்தில் இரண்டு மீட்டர் தள்ளிச் சந்திக்க இங்கிலாந்து மக்களுக்கு அனுமதி கிடைத்தது. ஏழு வாரங்களாகத் தனித்திருந்தவர்கள், பூங்கா இருக்கையின் இரு கோடிகளில் அமர்ந்து பேசத் தொடங்கினார்கள்.